ஊசி படும் முன்னே...

பீப்... பீப்... பீப்...

கட்டிலுக்கு மேலே மானிட்டரில் எழுபத்திரண்டு என்றிருந்த இதயத்துடிப்பு, தொண்ணூற்றெட்டுக்குத் தாவியது.

நர்ஸின் கை அந்தரத்தில் நின்றது.

ஊசி இன்னும் அவன் தோலைத் தொடவே இல்லை!

சொந்த மச்சானைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு, தப்பி ஓடும்போது மாடியிலிருந்து விழுந்தவன். மூன்று நாளாக நினைவில்லாமல் கிடக்கிறான். நினைவில்லாத உடம்புக்கும் வலித்தால் துடிப்பு எகிறும். அது உடம்பு தானாகச் செய்கிற வேலை. ஆனால் குத்துவதற்கு முன்பே எகிறினால்?

எந்த நோயாளியானாலும் சொல்லிவிட்டுத்தான் குத்துவாள். இப்போதும், "ஊசி போடறேண்ணே, கொஞ்சம் வலிக்கும்" என்றுதான் சொன்னாள்.

இவன் காதில் அது விழுந்திருக்கிறது...

வாசலில் நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட வாயெடுத்தாள்.

அதற்குள் அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அவன் கண் திறந்திருந்தான். ட்ரேயிலிருந்த கத்திரிக்கோல் இப்போது போர்வைக்குள் இருந்து அவள் வயிற்றில் அழுந்திக்கொண்டிருந்தது.

"கத்தினே... குடல் வெளிய வந்துடும்."

"எ... என்னை விட்டுடுங்க."

"மத்தியானம் என்னை வேற ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல மாத்தறாங்கல்ல? நடுவழில நான் இறங்கிக்கறேன். அதுவரைக்கும் நீ என் பக்கத்துலயே நிக்கற."

"எனக்குக் கைக்குழந்தை இருக்குங்க."

"அப்ப வாயை மூடிட்டு நில்லு. குழந்தைக்கு அம்மா மிஞ்சுவா."

கதவு திறந்தது. அவன் கண் மூடியது.

டாக்டர்! மானிட்டரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன சிஸ்டர், துடிப்பு இவ்வளவு ஏறியிருக்கு?"

கத்திரிக்கோல் முனை இன்னும் ஒரு நூல் அழுந்தியது.

"ஊ... ஊசி குத்தினேன் சார். அந்த வலிக்கு..."

"ம். ஏறும்தான்."

திரும்பினார். போய்விடுவார். போய்விட்டால் அவ்வளவுதான்... அவள் மானிட்டரைப் பார்த்தாள். தன்னால் சொல்ல முடியாது. இவன் இதயத்தையே சொல்ல வைத்தால்?

"சார், முதுகுத்தண்டுல நீர் எடுக்கணும்னு நேத்து சொன்னீங்களே? ஊசி தயாரா இருக்கு. மரத்துப்போற மருந்துதான் தீர்ந்துடுச்சு."

டாக்டர் நின்றார். அவர் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. அதைச் சொல்ல வந்தவரின் பார்வை மானிட்டரில் விழுந்தது.

நூற்றுப் பத்து... நூற்று இருபத்தைந்து...

"நினைவே இல்லாதவனுக்கு மருந்து எதுக்கு?" டாக்டரின் குரல் மாறவில்லை. "விரல் நீளத்துக்கு ஒரு ஊசி இருக்குமே, அதை எடுங்க. எலும்புல இடிக்கும், நாலஞ்சு தடவை குத்த வேண்டியிருக்கும். வாசல்ல இருக்கறவரைக் கூப்பிடறேன், அமுக்கிப் பிடிக்கட்டும்."

நூற்று நாற்பது...

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். குத்தப்போகிறான்... குழந்தையின் முகம் வந்து போனது.

பீப்... பீப்........ பீப்..............

நாற்பது!

கத்திரிக்கோல் நழுவித் தரையில் விழுந்தது. ஓடி வந்த போலீஸ்காரர் அவன் கையைக் கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டார். அவன் அசையவில்லை. முகம் வெளுத்து, வியர்வையில் நனைந்து கிடந்தான்.

"பயந்தா துடிப்பு ஏறும். பயம் முத்திப் போனா சில பேருக்கு இப்படித் தடால்னு இறங்கிடும்" என்றார் டாக்டர்.

நர்ஸ் சுவரில் சாய்ந்து விம்மினாள்.

போலீஸ்காரர் அவன் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். "விலங்கு மாட்டின பிறகும் நடிக்கறானே சார்."

நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இல்லைங்க... மூணு நாள்ல இப்பதான் ஒழுங்கா மயக்கமா இருக்கான்."