நீர்த்தெள்ளு சொன்னால் பருவம்

பருவங்காட்டி அன்றும் "பருவம் பிறக்கவில்லை" என்றுதான் சொன்னது. வயலில் நட்டிருந்த அந்தக் கம்பத்தை ஓங்கி ஓர் உதை விடலாமா என்றிருந்தது வேம்பரசிக்கு. மாடியில் தட்டுகளில் வளர்த்த குறுவை நாற்று பதம் தாண்டி மஞ்சளடிக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் தள்ளினால் குப்பைக்குத்தான்.

மழை பஞ்சாங்கத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் அடங்காமல் போன பிறகு, விஞ்ஞானிகள் வயல் உயிரிகளை நம்பினார்கள். காய்ந்த சேற்றில் தூங்கும் நீர்த்தெள்ளு என்ற பொடி நீர்ப்பூச்சியின் முட்டைகளுக்குத் தெரியாத பருவமா? அவை பொரிந்து நீந்துவதை, வட்டாரத்துக்கு ஒன்றாக நட்ட கம்பத்தின் நுண்கண் பார்த்துவிட்டால் அந்த வட்டாரத்து மதகுகள் தாமாகத் திறக்கும். மனிதர் கை வைக்க வழியே இல்லை.

"அண்ணே, தண்ணி இல்லாம முட்டை எப்படிண்ணே பொரியும்?" பக்கத்து வயல் நாகப்பனிடம் கேட்டாள்.

"பொரிஞ்சாத்தானம்மா தண்ணி வரும்."

"அதான் கேக்குறேன். பொரியறதுக்குத் தண்ணி? கோடை மழையும்தான் நின்னு போச்சே."

"போன வருசம் பொரிஞ்சுச்சே?"

வேம்பரசிக்குத் தலை சுற்றியது. தான் முட்டாளா, இல்லை இதைச் செய்தவர்கள் அத்தனை பேருமா? எப்படி யோசித்தும் பிடிபடவில்லை. கடைசியில் குடிக்கக் கொண்டுவந்த குடத்தைக் கம்பத்தடியில் கவிழ்த்தாள். மறுநாளும் கவிழ்த்தாள்.

சில நாளில் அந்தக் கையகலச் சேற்றில் தூசி தூசியாக ஏதோ துள்ளியது. கம்பம் கணீரென்று பேசியது. "இயற்கை தன் பருவத்தை அறிவித்துவிட்டது. மதகுகள் திறக்கின்றன."

வாய்க்காலில் தண்ணீர் நுரைத்து வந்தது. ஊரே வயலில் இறங்கியது. வேம்பரசிக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, திருட்டுத்தனம் செய்த பயமா, அவளுக்கே தெரியவில்லை.

"நாந்தாண்ணே தண்ணி ஊத்துனேன்," என்றாள் மெதுவாக. "அப்ப இத்தனை வருசமா யாரு ஊத்துனா?"

நாகப்பன் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"எங்க எருமைம்மா. வைகாசியிலதான் அவுத்து விடுவேன். குளத்துல கெடந்துட்டு நேரா வந்து, சொட்டச் சொட்ட இதுலதான் முதுகு சொறிஞ்சுக்கும். மாசியில வித்துட்டேன்."

"யாருக்கு?"

"அக்கரை ஆளுக்கு. அவன் கட்டியே போட மாட்டானாம்."

வேம்பரசி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் இந்த ஆண்டு பங்குனியிலேயே பருவம் பிறந்து, மதகு திறந்து, அறுவடைக்கு நின்ற நெல்லெல்லாம் மூழ்கிப்போயிற்று. இயற்கை ஏன் இப்படித் தடம் மாறியது என்று வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அங்கே சேற்றை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.