பாதிப் படம்

பெல்ட் நின்று பத்து நிமிடம் ஆகியும் திரையின் மூலையில் அந்தப் பச்சைப் புள்ளி அணையவில்லை.

பரிசோதனைக்காரி அதை முறைத்துப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், டைல்கள் ஓடும் பெல்ட்டின் மேல் தொங்கும் கேமரா, ஒரு நேரத்தில் மயிரிழை அளவு ஒரே வரியைத்தான் பார்க்கும். டைல் அடியில் வந்ததும் படம் தொடங்கியதாகச் சிக்னல் வரும், புள்ளி எரியும். வருகிற வரிகளைக் கணினிக்குள் இருக்கும் கார்டு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும். முடிந்ததாகச் சிக்னல் வந்தால் புள்ளி அணையும், படம் முழுசாக நிற்கும். பதினோரு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. டைலே இல்லாமல் புள்ளி எரிந்து அவள் கண்டதில்லை.

உயரத்து ஜன்னல்களில் மதிய வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. சூடு ஆறும் மோட்டாரின் எண்ணெய் வாடையும், காற்றுக்குழாய் விட்டுவிட்டுச் சீறும் சத்தமும், அதற்கிடையே ரோலரை முடுக்கியபடி மெக்கானிக் முணுமுணுக்கும் பாட்டுமாக அந்தக் கூடம் அவளை இருப்புக்கொள்ளாமல் செய்தது. மெக்கானிக் அவளுடைய தம்பி. வேலைக்குச் சொல்லிச் சேர்த்தவளும் அவள்தான். "அண்ணி, இவர் இனிமே உங்க பொறுப்பு" என்று அவன் பெண்டாட்டி சிரித்துக்கொண்டே சொல்லி இரண்டு வாரம் ஆகிறது.

திரையில் வரிகள் விழத் தொடங்கின. கறுப்பாக, இழை இழையாக. தலைமயிர்.

"டேய், தலைய எடு. கேமராவுக்கு அடியில என்ன விளையாட்டு?"

"நான் இங்கதானே இருக்கேன்," என்றான் அவன், திரும்பாமல். "பசியில உனக்குக் கண்ணு மங்கிப்போச்சுக்கா."

உண்மைதான். கேமராவுக்குப் பத்தடி தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். அடியில் வெறும் பெல்ட்தான் கிடந்தது.

திரையில் நெற்றி வந்துவிட்டது. அதில் குறுக்கே ஒரு தழும்பு. அவள் தள்ளிவிட, ஏழு வயதில் வாசற்படியில் விழுந்து அவன் வாங்கிய தழும்பு.

நிமிர்ந்து பார்த்தாள்.

தம்பி நிமிர்ந்து நின்று பாடிக்கொண்டிருந்தான். காதுக்கு மேலே அவன் தலை இல்லை. ரத்தம் இல்லை. வெட்டும் இல்லை. அங்கே எதிர்ச்சுவர் தெரிந்தது.

திரையில் ஒரு வரி. அங்கே ஒரு வரி குறைந்தது.

புருவம் வந்தது. இமை. கண்கள். அவை திரைக்குள்ளிருந்து அவளைப் பார்த்து இமைத்தன.

போதும். நிறுத்து. நிறுத்து.

கேமரா கேபிளைப் பிடுங்கினாள்.

புள்ளி அணைந்தது. திரை வெறுமையானது. நடுவில் கார்டின் வழக்கமான அறிவிப்பு வந்தது: 'படம் பாதியில் நின்றது. அழிக்கப்பட்டது.' அரைகுறைப் படங்கள் இடத்தை அடைக்கின்றன என்று அவளே எப்போதோ செய்துவைத்த ஏற்பாடு.

பாட்டு நின்றது.

தம்பி திரும்பினான். மூக்குக்கு மேலே வெயிலும் சுவரும்தான். ஒரு கை காற்றைத் துழாவியது.

"அக்கா," என்றான். "லைட்ட ஏன் அணைச்ச?"