குஞ்சுகள் விலகிய இடம்

ஆள் நடந்தால் கோழிக்குஞ்சுகள் விலகி வழிவிடும் என்பது புதுச்சத்திரத்துப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆளே இல்லாத இடத்தில் விலகி நின்றதுதான் அப்புசாமிக்குப் பிடிக்கவில்லை.

உச்சி வெயில். உமி பரப்பிய ஷெட்டில் எட்டாயிரம் குஞ்சுகள், ஈர உமியும் எச்சமும் வெந்து எழுப்பிய காரநெடி, ஓயாத கீச்சொலி. அதற்கு நடுவே இரண்டடிக்கு வெறும் வட்டம். அது மெல்ல நகர்ந்தது. ஒரு எட்டு வைத்து நின்றது. மறுபடி ஒரு எட்டு.

கோவையில் பறவைக் கூட்டங்களை ஆராயும் மகள் சத்யபிரியாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"கூட்டத்துக்குத் தலைவன்னு எதுவும் இல்லீங்கப்பா. ஒவ்வொண்ணும் பக்கத்துக் குஞ்சப் பாத்து நகரும். அதுலயே இப்படி ஒரு உருவம் தானா வந்துரும். பயப்படாதீங்க."

போனை வைத்த பிறகுதான் அந்த நடை அவருக்கு அடையாளம் தெரிந்தது. இடது காலை இழுத்து நடக்கும் கந்தம்மாளின் நடை.

போன சித்திரையில் இதே ஷெட்டில், கூலி வேலைக்கு வந்த அவள் தனியாகக் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். குஞ்சுகள் மிரளாமல் இருக்கப் படுதாவை இறக்கி இருட்டாக்குவது வழக்கம்; காற்றும் நுழையாது. வேலை முடியும்வரை அவள் வெளியே வரக்கூடாதென்று அப்புசாமி வெளியே பூட்டும் போட்டிருந்தார்.

"மயக்கமா வருதுங்க. கதவத் தொறங்க சாமி."

"முடிச்சுட்டு வா."

திறந்தபோது அவள் விறைத்துக் கிடந்தாள். நெஞ்சுவலி என்று ஊரையே நம்ப வைத்தார். வெட்கங்கெட்ட மனுஷன், அன்று வயிறாரச் சாப்பிடவும் செய்தார்.

இந்தக் குஞ்சுகள் அவளைப் பார்த்ததே இல்லை. அவள் போய் ஐந்து மாதம் கழித்துப் பொரிந்தவை.

வட்டம் அவரை நோக்கித் திரும்பியது. கீச்சொலி நின்றது. எட்டாயிரமும் ஒரே நேரத்தில்.

"கந்தம்மா... தெரியாமப் பண்ணிட்டேன்."

கதவை நோக்கி ஓடினார். எதுவும் விலகவில்லை. காலடியில் மெத்தென்று நசுங்கியது. வழுக்கி விழுந்தார்.

ஒரு குஞ்சு முதுகில் ஏறியது. அதைப் பார்த்து இன்னொன்று. அதைப் பார்த்துப் பத்து. யாரும் ஏவவில்லை. கழுத்தில். காதில். வாயில் இறகு. சூடு. கனம். மூச்சு வரவில்லை.

ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. முகத்தருகே வந்து நின்ற வட்டம், ஒருத்தி சம்மணமிட்டு உட்காரும் அளவுக்கு அகன்றது. அங்கே உமி மெல்ல அழுந்தியது.