முந்நூறு துடிப்புகள்

"உங்க கை ஏம்மா இவ்வளவு சில்லுன்னு இருக்கு? ஐஸ் பெட்டியில வெச்சு எடுத்த மாதிரி!" என்று சிரித்தார், மேசைமேல் படுத்திருந்த லாரி ஓட்டுநர்.

மருத்துவமனையின் இதயப் பரிசோதனை அறையில் வேலை பார்க்கும் அவள் சிரிக்கவில்லை. விடுப்பே இல்லாத பதினான்காம் நாள். காலையிலிருந்து இருபதாவது மார்பு. மின்கம்பிகள் கோத்த ஏழு ஒட்டிகளையும் அவர் மார்பில் பதித்துக் கருவியை முடுக்கினாள். தோலைக் கீறாமலே இதயத்தின் மின்வழியை அறியும் கருவி அது. முந்நூறு துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரைச்சலைக் கழித்துவிட்டு, ஊசிமுனையளவு சமிக்ஞையையும் வெளிக்கொணர்ந்துவிடும். திரையில் துடிப்புகளின் எண்ணிக்கை முந்நூறைத் தொட்டது. ஓட்டுநர் எழுந்து போனார்.

இன்று நான்கு மாடி ஏறியும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. அதுதான் உறுத்தியது. மூன்று முறை விடுப்புக் கேட்டு மூன்று முறையும் மறுக்கப்பட்டவள் அவள். இதயத்தில் கோளாறு என்று கையில் ஓர் அறிக்கை இருந்தால் எவர் மறுப்பார்?

கதவைத் தாழிட்டு, ஒட்டிகளைத் தன் மார்பில் பதித்துக்கொண்டு, தானே மேசைமேல் படுத்தாள். ஸ்பிரிட் நெடியும், மின்விசிறியின் தேய்ந்த முனகலும், தாளுருளையின் மெல்லிய சரசரப்பும் அந்தச் சின்ன அறையை நிறைக்க, தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

சுழியம்.

ஒட்டிகளை மாற்றினாள். சுழியம். கம்பிகளை மாற்றினாள். சுழியம்.

மணிக்கட்டில் விரல் வைத்தாள். அமைதி. கழுத்தில். அமைதி.

கதவு தட்டப்பட்டது. திறந்தாள். மேற்பார்வையாளர்.

"என்னம்மா, கதவைச் சாத்திட்டுத் தூக்கமா? வெளியே பதினொரு பேர் உக்காந்திருக்காங்க."

"சார்... எனக்குத் துடிப்பே இல்ல சார். வீட்டுக்குப் போகணும். பாப்பா காத்திருக்கா."

அவர் திடுக்கிடவில்லை. சட்டையை அவிழ்த்தார், பழகிய கையால் ஏழையும் தாமே ஒட்டிக்கொண்டு படுத்தார்.

சுழியம்.

"பாத்தியா? எனக்கு மூணு வருஷமா இப்படித்தான். முதல் வாரம்தான் கஷ்டம். அப்புறம் பசிக்காது, வலிக்காது, லீவும் வேண்டியிருக்காது." எழுந்து பொத்தான்களைப் போட்டார். "ஒண்ணு மட்டும். குழந்தையை நெஞ்சோட அணைக்காதே. அதுங்க கண்டுபிடிச்சிடும். சரி, அடுத்த ஆளைக் கூப்பிடு."

கால்கள் தாமாகவே நடந்தன. நடைக்கூடத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவரின் துடைப்பம் நின்றது. எழுத்தர் தலை நிமிர்ந்தார். மருந்தாளுநர், செவிலியர், காவலாளி, ஒவ்வொருவராக அவளை நோக்கித் திரும்பினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளை வரவேற்பதுபோல் புன்னகைத்தார்கள்.

அந்த நீண்ட கூடத்தில், பெஞ்சுகளில் இருந்த பதினொரு நோயாளிகள் மட்டுமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.