முப்பத்தேழாம் பிரதி

மூன்று மாதம் இராப்பகலாக ஓடிய இசைத்தட்டு. ஆனால் அதில் ஊசி பட்ட தடமே இல்லை.

குராச்சி அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில், விளிம்பு மட்டும் படும்படி பிடித்து ஜன்னல் பக்கம் சாய்த்தான். முப்பது வருடமாக இதே வேலை. தட்டைச் சாய்த்துப் பார்த்தால் போதும், அது எத்தனை முறை ஓடியது, எப்படிப்பட்ட ஊசியில் ஓடியது, ஓட்டியவன் அன்று குடித்திருந்தானா என்பது வரைக்கும் சொல்லிவிடுவான். ஜூன் மழையின் சாம்பல் வெளிச்சம் அந்தக் கறுப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு கோடு இல்லை, ஒரு மங்கல் இல்லை. கூரைக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தமும், கீழே பூஜை மாடத்தில் எரியும் ஊதுபத்தி வாசனையும், அறை நிறைய அடுக்கியிருந்த பழைய அட்டைகளின் வாசனையும், அதற்கடியில் இன்னும் போகாத மருந்து நெடியும் ஒன்றாகச் சேர்ந்து அவன் தொண்டையில் உட்கார்ந்துகொண்டன. வயிறு எரிந்தது. செத்துப் போயும் இந்த ஹச்சிசுகா பயலை அதிர்ஷ்டம் விடவில்லையே என்று நினைத்தான். நினைத்ததற்காக வெட்கப்படவும் இல்லை.

பத்தொன்பது வயதில் இருவரும் ஒரே வரிசையில் நின்று வாங்கியது அது. நமாரிபா என்ற, அலறலும் வேகமுமான ஹார்ட்கோர் ராக் குழு நகோயாவில் நடத்திய கடைசிக் கச்சேரியில் விற்ற சின்னத் தட்டு. மொத்தமே நூறு பிரதிதான். ஒவ்வொரு உறையிலும் பாடகன் தன் கையால் சிவப்பு மையில் எண் போட்டுக் கொடுத்தான். குராச்சிக்கு முப்பத்தாறு, அவனுக்குப் பின்னால் நின்ற ஹச்சிசுகாவுக்கு முப்பத்தேழு. அன்றைக்குக் கூட்டத்தில் யாருடைய முழங்கையோ பட்டு குராச்சியின் மூக்கெலும்பு உடைந்தது. இன்றைக்கும் அவன் மூச்சை இழுத்தால் உள்ளே 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். அடுத்த வாரமே பீர் போதையில் ஊசியைக் கை தவறிப் போட்டான். முப்பத்தாறின் இரண்டாம் பக்கத்தில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. தப்பு தன்னுடையது என்பதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஹச்சிசுகா ஒரு நாளும் கேலி செய்ததில்லை. "விடுடா குரா, ஓடுதுல்ல, அது போதும்" என்று முதுகில் தட்டுவான். அந்தத் தட்டலுக்காகவே அவனை மனசுக்குள் முப்பது வருடம் கரித்துக் கொட்டியிருக்கிறான்.

ஹச்சிசுகாவின் மனைவி யாசுயோ டீயோடு மாடிக்கு வந்தாள்.

"நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிஞ்சதும், ஒருத்தர் கடிகாரம், ஒருத்தர் கழுத்துப்பட்டைன்னு அவர் நினைவா எல்லாரும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் பாக்கி, குராச்சி சான். எது வேணும்னாலும் எடுங்க. இத்தனையையும் வெச்சுக்கிட்டு நான் என்ன ஊறுகாயா போடப் போறேன்?"

"அப்போ இதை..."

"அது மட்டும் வேணாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அது அவர் படத்துக்குப் பக்கத்துல இருக்கட்டும். நுரையீரல் போனதுக்கு அப்புறம் இதைப் போட்டுட்டு, இதுகிட்டயே கிடந்தார். பாட்டு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். முடிஞ்ச இடத்துலயே நின்னு சுத்தும், புஸ்ஸு புஸ்ஸுன்னு. ஊசியைத் தொட விடமாட்டார், கையைத் தட்டி விடுவார். என் பக்கம் திரும்பினாத்தானே! கட்டின பொண்டாட்டிக்கு ஒரு ரெக்கார்டு சக்களத்தியா வந்துச்சுன்னா ஊர் சிரிக்கும்."

குராச்சி ஒப்புக்குச் சிரித்தான்.

"அன்னிக்கு மத்தியானம் நல்லாத் தூங்கிட்டிருந்தார். கொஞ்ச நேரமாவது நிம்மதியா ஓய்வெடுக்கட்டும்னு நான்தான் மெதுவா ஊசியைத் தூக்கி வெச்சேன்." கோப்பையின் விளிம்பை விரலால் துடைத்தாள். "அதுக்கப்புறம் அவர் கண்ணே முழிக்கலை."

குராச்சி தலையைக் குனிந்துகொண்டான். பார்க்கிறவர்களுக்கு அது துக்கமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அவன் யோசித்தது வேறு. அந்தத் தட்டின் கடைசிப் பள்ளம் ஒரு மூடிய வட்டம், ஊசி அதில் விழுந்தால் வெளியே வராது. பாடகன் 'இன்னும்!' என்று கத்துவது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். நூறு பிரதியிலும் அப்படித்தான். இவள் என்னவோ புஸ் புஸ் என்கிறாளே! இவளுக்குக் கூச்சலும் காற்றும் ஒன்றுதான் போலிருக்கிறது. இப்படிப்பட்டவள் கையில், ஊதுபத்திச் சாம்பலுக்கு நடுவில், கீறல் விழாத ஒரு நமாரிபா!

அடுத்த ஞாயிறு காலை, அடுக்கி வைக்க உதவுகிறேன் என்று மறுபடி வந்தபோது, அவன் பைக்குள் முப்பத்தாறு இருந்தது. யாசுயோ நூடுல்ஸ் வேகவைக்க அடுப்படிக்குப் போன நேரத்தில், பூஜை மாடத்தில் ஹச்சிசுகாவின் படத்துக்கு முன்னாலேயே, உறைகளை விட்டுவிட்டு உள்ளே இருந்த தட்டுகளை மட்டும் மாற்றினான். படத்தில் ஹச்சிசுகா சிரித்துக்கொண்டிருந்தான். குராச்சி அவள் வைத்த நூடுல்ஸை மிச்சமில்லாமல் உறிஞ்சிச் சாப்பிட்டு, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மதியம் ஒன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தான். லிஃப்டில் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது: வருடாந்திர மின் சோதனை, இன்று இரண்டு மணி முதல் நான்கு மணி வரை கட்டிடம் முழுவதும் மின்சாரம் இருக்காது. பட்டதே தவிர மனதில் ஏறவில்லை. ஆறாவது மாடியில் பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து, முழங்கையால் கதவைத் தள்ளி உள்ளே போனான். திரும்பப் பூட்டவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, மேஜை விளக்கைத் தாழ்த்தி, தட்டை எடுத்தான்.

நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்துக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையில் வெறும் வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அச்சு வெட்டுகிறவன் அதில் ஆணியால் ஏதாவது கிறுக்கி வைப்பான். அச்சிலேயே கிறுக்குவதால் எல்லாப் பிரதியிலும் ஒரே எழுத்துத்தான் வரும். நமாரிபாவில் இருப்பது 'ஊசியை எடு'. தானாக முடியாத தட்டு என்பதால் குழுவினர் செய்த குறும்பு அது. குராச்சி இதுவரை பதினொரு பிரதிகளைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறான். பதினொன்றிலும் அதுவேதான்.

இதில் 'ஊசியை எடுக்காதே' என்று இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் தட்டைக் கீழே வைத்திருப்பார்கள். குராச்சி துள்ளிக் குதித்தான். வேறு அச்சு! முதலில் வெட்டிப் பார்த்துக் கழித்துப் போட்ட அச்சிலிருந்து தப்பி வந்த ஒரே ஒரு பிரதி! உலகத்தில் இன்னொன்று கிடையாது. முப்பது வருடம் எதிரில் உட்கார்ந்து பீர் குடித்தானே, ஒரு வார்த்தை சொன்னானா! "அடப்பாவி ஹச்சி, இதைத்தான்டா மறைச்சு வெச்சிருந்தே" என்று வாய்விட்டே சொன்னான். சந்தோஷத்திலும் வயிறு எரிந்தது. பாட்டும் வேறு பதிவாக இருக்குமோ? ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஊசியை இறக்கினான்.

பாட்டு வேறு இல்லை. அதே முரட்டு கிதார், அதே அலறல். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஊசி கடைசி வட்டத்துக்குள் வழுக்கி விழுந்தது.

'இன்னும்' வரவில்லை.

மூச்சுச் சத்தம் வந்தது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு, ஓடி வந்த நாய் இளைப்பதைப் போல. இழுப்பின் முடிவில் மெல்லிய ஒரு விசில். அந்த விசிலை அவனுக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, ஹச்சிசுகா ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அப்படித்தான் இழுத்தான். மழை ஜன்னலில் சரசரத்தது. ஈரக் குடையின் ரப்பர் வாடையோடு, இங்கே இருக்கவே கூடாத மருந்து நெடியும் எங்கிருந்தோ வந்தது. குராச்சி கழுத்தை நீட்டி ஒலிபெருக்கியின் பக்கம் காதைக் கொண்டுபோனான். உட்கார்ந்துதான் இருக்கிறான், ஏன் இப்படி இளைக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அவன் மூச்சு தட்டோடு ஓடிக்கொண்டிருந்தது.

அடக்கிப் பார்த்தான். அடங்கவில்லை. நெஞ்சு தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது, தட்டு சொல்கிறபடி. சீ, மனப்பிரமை என்று கையை நீட்டி ஊசியைத் தூக்கினான்.

நெஞ்சு நின்றது.

காற்று இருந்தது. வாய் திறந்திருந்தது. இழுக்கிற வேலையை மட்டும் உடம்பு மறந்துவிட்டது. கண்ணில் பூச்சி பறந்தது, காது அடைத்தது. யாசுயோ சொன்னது முழுவதும் ஒரே நொடியில் திரும்பி வந்தது. ஊசியை மறுபடி இறக்கினான்.

உள்ளே, வெளியே.

உயிர் வந்தது. கண்ணீரும் வந்தது. தட்டு சுற்றியது. ஆனால் விசிலைக் காணோம். இழுப்பின் முடிவில் இப்போது வேறு ஒரு சத்தம்.

டிக்.

தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். டிக். ஒலிபெருக்கியில், டிக்.

சரி. பதறாதே. வேகக் குமிழை நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றிலிருந்து முப்பத்து மூன்றுக்குத் திருப்பினான். மூச்சு நீண்டது. ஆழமானது. அப்பாடா. இப்படியே இருக்கலாம். ஹச்சிசுகா மூன்று மாதம் இருந்தானே! அவனுக்குப் பக்கத்தில் பெண்டாட்டி இருந்தாள், கஞ்சி ஊட்டினாள், முதுகைத் துடைத்தாள். இதிலும் அவனுக்குத்தான் எல்லாம் வாய்த்தது. இந்த நிலைமையிலும் அவனை நினைத்து எரிந்தது குராச்சிக்கு.

மேஜை விளக்கு அணைந்தது.

குளிர்பெட்டியின் உறுமல் நின்றது. லிஃப்டில் பார்த்த காகிதம். இரண்டு மணி.

தட்டு தளர்ந்தது. மூச்சும் தளர்ந்தது. இழுப்பு நீண்டு, நீண்டு, நின்றுவிடப் போகிறது. குராச்சி ஆள்காட்டி விரலைத் தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தின் ஓரத்தில் வைத்துத் தள்ளினான். சுற்றியது. இழுத்தான். தள்ளினான். விட்டான். ஒலிபெருக்கி செத்துவிட்டது. ஆனால் ஊசியிலிருந்தே, காதுக்குள் ஊதுகிற மாதிரி, மெல்லியதாகக் கேட்டது. டிக். தள்ளு. டிக். தள்ளு. நான்கு மணி வரை. விரல் மரத்தது. நடுவிரலுக்கு மாற்றினான். வேர்த்தது. துடைக்கக் கை இல்லை. இடது கையால் ஊசியைத் தாங்கும் கம்பி ஆடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கதவு தட்டப்பட்டது. பிறகு தானே திறந்தது.

"லிஃப்ட் ஓடலை, ஆறு மாடியும் ஏறித்தான் வந்தேன்." யாசுயோ. வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைத்தாள். "நீங்க போனதும் படத்துக்கு முன்னாடி போட்டுக் கேட்டேன், குராச்சி சான். ஒரே கீறல். முடிவுல எவனோ கத்தறான். அது அவர் இல்லை."

குராச்சி தலையை ஆட்டினான். பேச மூச்சு வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சுத்தான். "தொ..." என்றான். தள்ளினான். "டா..." தள்ளினான்.

அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். கோபம் இல்லை. மழையும் ஊதுபத்தியும் மணத்தன. தட்டின் மேல் குனிந்து, முடியை ஒதுக்கி, காதை ஊசிக்கு வெகு அருகில் கொண்டுவந்தாள். ரொம்ப நேரம் கேட்டாள்.

"இதுல அவர் இல்லையே" என்றாள். "இது நீங்க."

டிக்.

"அவரை எங்க விட்டீங்க?"

தள்ளினான். வழுக்கியது. மறுபடி தள்ளினான். கண்ணால் கெஞ்சினான். அவன் முகத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து மாடியில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். கைக்குட்டையை எடுத்து அவன் நெற்றி வேர்வையை ஒற்றினாள்.

"கை வலிக்குமே. கொஞ்ச நேரமாவது நிம்மதியா ஓய்வெடுங்க."

அவன் இடது கை அவள் கையைத் தட்டியது. பலமில்லை. அவள் அதை மெதுவாகப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள், பழக்கப்பட்டவள் மாதிரி. பிறகு தூங்குகிற ஆளை எழுப்பிவிடக் கூடாதே என்பது போல, சத்தமே இல்லாமல், இரண்டு விரலால் ஊசியைத் தூக்கினாள்.

தட்டு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் விரல் அதை விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தது.