தெரிவித்துக்கொள்வதில் மகிழ்ச்சி

காலையில் வேலைக்கு வந்ததும் ஜெயசீலி செய்யும் முதல் காரியம், தன் பெயரில் போயிருக்கும், தான் எழுதாத கடிதங்களைப் படிப்பது.

எண்ணூர்க் கடற்சுவரின் நீரேற்று நிலையத்தில் அவள் கண்காணிப்பாளர். சுவருக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம், கடல்மட்டத்துக்கும் தாழ்வாக, கீழ்க்கரை என்கிற ஊர். அவளும் அவள் மகள் பிளெஸ்ஸியும் அங்கேதான் இருக்கிறார்கள். சுவரில் கசிகிற நீரைப் பம்புகள் ஓயாமல் வெளியே தள்ளும். பம்புகளை ஓட்டுவது வழங்கி என்கிற ஒரு கணினி. அந்த வழங்கிக்கு நாடி பார்ப்பது, கறுப்புக் கட்டளைத்திரையில் ஜெயசீலி எழுதிவைத்த சின்ன நிரல். பதிவுகளைச் சேர்த்துவைக்கும் வட்டு நிறைந்தாலோ சூடு ஏறினாலோ நிரல் இயக்குநர் பூவராகனுக்கு ஒரே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பும். அந்த ஒரு வரி போய்ச் சேரும் அழகுதான் இந்தக் காலத்தின் பெருமை.

"இன்னிக்கு இன்னா எழுதியிருக்க நீ?" என்றான் தணிகாசலம், பக்கத்து நாற்காலிக்காரன்.

"நான் எழுதினது இது. 'வட்டு 96 விழுக்காடு நிறைந்துவிட்டது. நூறானால் பம்புகள் நிற்கும்.'"

"போய்ச் சேர்ந்தது?"

ஜெயசீலி குரலை இழுத்துக்கொண்டு படித்தாள். "'மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, நம் வட்டு ஏறத்தாழ முழுமையான நிறைவை எட்டியிருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்வதில் மகிழ்ச்சி. நூறு என்னும் இலக்கை அடைந்ததும் நம் பம்புகள் நல்லதோர் ஓய்வு பெறும்.'"

"பூவராகன் சார் பதில் போட்டாரா?"

"'வாழ்த்துகள். இலக்கை எட்ட என் ஆசிகள்.'"

தணிகாசலம் சிரித்தான். ஜெயசீலி சிரிக்கவில்லை.

மன அமைதிச் சட்டம் வந்து பல காலம் ஆகிவிட்டது. எந்தச் செய்தியும் அதைப் பெறுபவரைக் கலங்கவைக்கக் கூடாது. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் நடுவே 'இதமி' என்றொரு இயந்திர அறிவு உட்கார்ந்து, கசப்பையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுக்கும். தொலைபேசிக்கும் அதே கதிதான். வீடு தீப்பிடித்துவிட்டது என்று கத்தினால், உங்கள் குரலிலேயே, வீடு கதகதப்பாக இருக்கிறது என்று அந்தப் பக்கம் கேட்கும். சட்டம் போட்டவர்கள் எல்லாரும் மலைமேட்டில் குடியிருப்பவர்கள். தண்ணீர் அவர்களுக்குக் குழாயில் மட்டுமே வரும். அவர்களுடைய மன அமைதி கெட வழியேது?

"வட்டு ஏன் இப்பிடி ரொம்புது? பம்பு அவ்ளோ பேசுதா?" என்றான் தணிகாசலம்.

"பம்பு எங்க பேசுது? இதமிதான் பேசுது. நான் ஒரு வரி அனுப்புறேன். அது ரெண்டு பக்கம் மகிழ்ச்சி எழுதுது. ரெண்டையும் சட்டப்படி இதே வட்டுலதான் சேத்து வைக்குது. வட்டு ரொம்புதுன்னு சொல்லச் சொல்ல வட்டு ரொம்புது."

"அப்போ சொல்றத நிறுத்து."

"நிறுத்தினா பம்பு எழுதுற பதிவே வட்ட ரொப்பிடும். கொஞ்சம் மெதுவா சாவோம், அவ்ளோதான். பழசை அழிக்கணும். அதுக்கு இயக்குநர் இங்க வந்து விரல்ரேகை வைக்கணும்."

"நேர்ல போய்க் கூப்புடேன்."

"போகாமயா இருந்தேன்? மேட்டு வாசல்ல அனுமதிக் கடிதம் கேக்குறான். கடிதம் எது வழியா போவும்? சொல்லு பாப்போம்."

திட்டி எழுதிப் பார்த்தாள். 'கீழ்க்கரை மூழ்கப் போகிறது, மடையா' என்றது, 'கீழ்க்கரை உங்களை அன்புடன் நினைத்துக்கொள்கிறது, ஐயா' என்று போய்ச் சேர்ந்தது. எண்களை மட்டும் அனுப்பினாள். எண்கள் வளர்ச்சிப் புள்ளிவிவரம் ஆயின. வட்டு 98ஐத் தொட்ட அன்று, சூடாறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஜெயசீலி கேட்டாள்.

"தணிகா, அந்த ஆளு எதுக்குக் கூப்புட்டா வருவான்?"

"எந்தப் பெரிய மனுசனும் பொன்னாடைக்கு வருவான்."

அவள் நிரலைத் திறந்து எச்சரிக்கை வரியை அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்: 'தங்கள் அருந்தொண்டைப் பாராட்டி இன்று மாலை நீரேற்று நிலையத்தில் பொன்னாடை போர்த்திச் சிறப்பிக்கிறோம்.' நிரலை ஓட்டினாள். மின்னஞ்சல் ஒரு எழுத்துக்கூட மாறாமல் போனது. இனிப்பில் இதமி சேர்க்க என்ன இருக்கிறது?

பூவராகன் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். பட்டு வேட்டி, மனைவி, ஒரு புகைப்படக்காரர். நிலையத்தைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு பேர், ஒரு திரை, ஈரச் சுவர்.

"கூட்டம் எங்கம்மா?"

"கீழ வீட்ல இருக்கு சார். நீங்க இங்க விரல் வச்சாத்தான் அது நாளைக்கும் இருக்கும்."

"புரியலையே."

"வட்டு நிறைஞ்சு போச்சு. பம்பு நிக்கப் போவுது. பம்பு நின்னா கீழ்க்கரை முழுகிடும். என் பொண்ணு அங்க இருக்கா."

கெட்ட செய்தி ஒன்றை நேருக்கு நேர் கேட்டு அவருக்குப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். வாய் கோணியது. அழத் தெரியாத குழந்தை அழப் பார்ப்பதுபோல.

"யாருமே என்கிட்ட சொல்லலையேம்மா."

"தெனம் சொன்னேன் சார்."

"நீ நிறைவுன்னு எழுதின. நான் வாழ்த்து அனுப்பினேனே."

"ஆமா. ஆசியும் அனுப்பினீங்க."

பிளெஸ்ஸியின் கல்யாணத்துக்காகச் சம்பந்திக்கு வாங்கி வைத்திருந்த சால்வையை அவர் தோளில் போட்டாள். புகைப்படம் எடுத்தார்கள். அவர் விரலை வைத்தார். மகிழ்ச்சிகள் எல்லாம் அழிந்தன. வட்டு காலியானது. பம்புகளின் சத்தம் சீரானது.

அந்த மனிதர் போய்ச் சட்டத்தை மாற்றுவார் என்று தணிகாசலம் நம்பினான். ஜெயசீலி நம்பவில்லை. ஒரு சுற்றறிக்கைதான் வந்தது. 'எச்சரிக்கைகளை அழைப்பிதழ் வடிவில் அனுப்பும் இனிய புதுமையை நிலையம் தொடரலாம். கீழ்க்கரைக் குடியிருப்போருக்கும் அவ்வாறே அனுப்புக.'

"அழைப்பிதழா?" என்றாள் ஜெயசீலி. "குடுத்துட்டாப் போச்சு."

நிரலில் மூன்று படி வைத்தாள். தெருவில் நீர் கசிந்தால், பொன்னாடை. வீட்டுக்குள் ஏறும் என்றால், விருது விழா. சுவரையே கடல் தாண்டும் என்றால், திருமணம்.

"கல்யாணத்த உட்ரு ஜெயசீலி. அது ஒண்ணாவது நல்லதா இருக்கட்டும்."

"நம்ம ஜனம் குடும்பத்தோட, கெழடு கட்டையெல்லாம் கூட்டிக்கினு எதுக்குக் கெளம்பும்? கல்யாணத்துக்குத்தான். இந்த முட்டாள் உலகத்துக்கு இது போதும்."

ஊர் சீக்கிரம் கற்றுக்கொண்டது. பொன்னாடை வந்தால் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கி வைத்தார்கள். விருது வந்தால் பிள்ளைகளை மாடிக்கு அனுப்பினார்கள். ஐப்பசிப் புயலில் 'மணமக்களை வாழ்த்த வருக' என்று மின்னஞ்சல் வந்ததும் மொத்த ஊரும் மூட்டையோடு மேம்பாலத்தில் ஏறி நின்றது. கடல் சுவரைத் தாண்டி ஜன்னல்வரை வந்து, திரும்பிப் போனது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஜெயசீலி தெருவில் நடந்தபோது பெண்கள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அன்று மட்டும் அவள் யாரையும் ஏளனமாகப் பேசவில்லை.

தை பிறந்ததும் பிளெஸ்ஸிக்கும் வலைக்காரத் தெரு ஆல்வினுக்கும் நாள் குறித்தார்கள்.

ஊருக்கு மின்னஞ்சல் அனுப்ப ஜெயசீலி என்ன பைத்தியமா? பத்திரிகை அச்சடித்து வீடு வீடாக நேரில் போனாள். முதலில் ஸ்டெல்லாக்கா வீடு.

"அக்கா, புதன்கிழம பிளெஸ்ஸிக்குக் கல்யாணம். கண்டிப்பா வரணும்."

ஸ்டெல்லா பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"புதன்கெழமையா? எத்தன மணிக்கு?"

"பத்து மணி பூச."

"நேர்லயே வந்துட்ட. அவ்ளோ பெருசா?"

"அய்யோ அக்கா, இது நெஜக் கல்யாணம்."

"புரியுது, புரியுது. வாயத் தொறந்து சொன்னா உன் வேலைக்கு ஆபத்து. மாமியாள இப்பவே பாலத்துல ஏத்திடறேன். நீ நல்லா இருக்கணும் தாயி."

அடுத்த வீட்டிலும் அதேதான். அதற்கு அடுத்த வீட்டில் அவள் பத்திரிகையை நீட்டும் முன்பே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தியம் செய்தாள். கோபப்பட்டாள். இவ்வளவு சத்தியம் செய்கிறாள் என்றால் வரப்போவது சாதாரண அலை இல்லை என்று பேசிக்கொண்டார்கள். சம்பந்தி வீட்டிலேயே ஆல்வினின் தாய் மகனிடம் சொன்னாளாம், "தாலியக் கட்டிட்டு நிக்காம ஓடியாந்துரு."

புதன்கிழமை வெயில் பளிச்சென்று இருந்தது. கோயிலில் பாதிரியார், பிளெஸ்ஸி, ஆல்வின், தணிகாசலம். பெஞ்சுகள் எல்லாம் காலி. பிரியாணி அண்டாக்கள் வெளியே மூடியபடி இருந்தன.

ஒரு கார் வந்து நின்றது. பூவராகன் இறங்கினார். அதே சால்வை, கையில் பரிசுப் பொட்டலம். மேட்டுக்கு மட்டும் ஜெயசீலி மின்னஞ்சலிலேயே அழைப்பு அனுப்பியிருந்தாள்; அங்கே இருப்பவர்களுக்குக் கல்யாணம் என்றால் இன்னமும் கல்யாணம்தான்.

"வாழ்த்துகள்" என்றார். காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார். "கூட்டம் எங்கம்மா?"

ஜெயசீலி வாசலுக்கு வந்து மேலே கையைக் காட்டினாள்.

மேம்பாலம் நெடுக ஊர் நின்றிருந்தது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, நாற்காலியில் கிழவிகள். எல்லாரும் அசையாத கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளெஸ்ஸி வெள்ளைப் புடவையோடு வெளியே வந்து, இறங்கி வரச் சொல்லி இரண்டு கையையும் ஆட்டினாள்.

யாரும் இறங்கவில்லை. பாலத்திலிருந்து ஸ்டெல்லாவின் குரல் மட்டும் அழுகையாக இறங்கி வந்தது.

"புடவையத் தூக்கிக்கினு ஓடியாடி கண்ணு. உங்கம்மா சொன்னா பொய்யா இருக்காது."