சுண்டெலி வைத்த இடம்

சுண்டெலிக்குப் பத்து வயது. அவளுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. அது பள்ளி வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆள் சிறியவள், சத்தமில்லாமல் வருவாள், காகிதம் இருக்கும் இடத்தை விட்டு நகர மாட்டாள். இதையெல்லாம் கவனித்த சித்தப்பா வைத்த பெயர்தான் சுண்டெலி.

பள்ளி விட்டதும் நேராகத் தெருமுனை நூலகத்துக்கு வந்துவிடுவாள். அம்மா வேலை முடிந்து வந்து கூட்டிப் போகும்வரை அங்கேதான் இருப்பாள்.

நூலகத்தில் பன்னிரண்டு அலமாரிகள், ஒரு நீள மேசை, ஒரு நூலகர். படித்த புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. நூலகர்தான் அவற்றை அலமாரியில் அடுக்குவார். அவருக்கு முழங்கால் வலி. எழும்போது ஒரு "ஸ்ஸ்", உட்காரும்போது ஒரு "ஸ்ஸ்".

அதைக் கேட்கச் சுண்டெலிக்கு மனம் பொறுக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் ஒருநாள், நூலகர் தேநீர் குடிக்கப் பின்னறைக்குப் போன நேரத்தில், மேசையிலிருந்த இரண்டு புத்தகங்களை அவளே அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு அடிக்கடி வைத்தாள். செய்த உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் வாயே திறக்கவில்லை.

ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். இதுவரை எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கு அது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். எந்தப் புத்தகத்துக்கு எது நல்ல துணை என்று யோசித்து, அதன் பக்கத்தில் வைப்பாள். தனியாக விட்டால் பாவம் இல்லையா?

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வேன் அக்கா நூலகத்துக்கு வந்தார். பள்ளி வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கிக் கதவைச் சாத்துவது அவர் வேலை. அந்த வேனை ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. ஓட்டத் தெரியும், எழுத்துத் தேர்வுதான் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மூன்றாவது தேர்வு வியாழக்கிழமை. சாலை விதிகள் புத்தகம் வேண்டும் என்று கேட்டார்.

புத்தகம் உள்ளேதான் இருக்கிறது என்று கணினி அடித்துச் சொன்னது. இல்லவே இல்லை என்று ஐந்தாவது அலமாரி அதைவிட அடித்துச் சொன்னது. நூலகர் மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை இரண்டு முறை தேடினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது முதல் தடவை இல்லம்மா," என்றார் வேன் அக்காவிடம். "மூணு மாசமா இப்படித்தான். பல் பராமரிப்பு புத்தகத்தைத் தேடினா, முதலை புத்தகத்துக்குப் பக்கத்துல இருக்கு. அடுக்குறது நான் ஒருத்திதான். எப்ப எடுத்து வச்சேன்னே ஞாபகம் வர மாட்டேங்குது."

மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்த்தாராம். மறதிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, தினமும் குறுக்கெழுத்துப் போட்டுப் பார்த்தாராம். அதில் எல்லா விடையும் சரியாக வந்ததில் குழப்பம் இன்னும் கூடியதாம். இனி இந்த வேலைக்குத் தான் லாயக்கில்லை என்று மேலதிகாரிக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாராம். அவர் வெள்ளிக்கிழமை வரும்போது கொடுக்கப் போகிறாராம்.

"அதுல, நம்ம துறைக் கிடங்குல வேலை கேட்டிருக்கேன். அங்க இருக்கிறது மேசை நாற்காலிதான். நான் மறந்தாலும் அது தொலையாது."

மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருந்த சுண்டெலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெல்ல எழுந்து வந்து, அந்தப் புத்தகத்தின் அட்டையில் என்ன படம் இருக்கும் என்று வேன் அக்காவிடம் கேட்டாள். போன மாதம் இதே மேசையில் பார்த்தாராம். மலைப்பாதை வளைவில் ஓர் அபாயப் பலகை, அதில் ஒரு மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு.

சுண்டெலி நேராக ஒன்பதாவது அலமாரிக்குப் போனாள். அது பேய்க்கதை அலமாரி. அங்கே இரண்டு பேய்களுக்கு நடுவில் சாலை விதிகள் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

வேன் அக்கா புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இதோடு பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. சுண்டெலியும் அப்படித்தான் நினைத்தாள், நூலகரின் முகத்தைப் பார்க்கும்வரை.

"பேய்க்கதைக்கு நடுவுலயா வச்சேன்?" என்று முணுமுணுத்தார் அவர். மேசை இழுப்பறையைத் திறந்து கடித உறையை எடுத்தார். வெள்ளி வரைக்கும் எதற்கு, இன்றே தபாலில் போட்டுவிடலாம் என்று பசையைத் தேடினார்.

உண்மையைச் சொன்னால் இனி உள்ளே விட மாட்டார்கள். அம்மா வரும்வரை எங்கே இருப்பது? சுண்டெலி யோசித்தாள். அதற்குள் பசை கிடைத்துவிட்டது.

"ஒட்டாதீங்க மேடம். வச்சது நான்."

மூன்று மாதக் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். முழங்கால் வலியையும் விடவில்லை.

நூலகர் உறையைக் கீழே வைத்தார். "அப்போ அந்தப் பல்லு புத்தகம்?"

"முதலைக்குத்தான் நிறையப் பல்லு, மேடம்."

"கயிறு முடிச்சு புத்தகம்?"

"பாம்புக்குப் பக்கத்துல."

வேன் அக்கா சாலை விதிகளால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நூலகர் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்ப எனக்கு மறதி இல்ல," என்றார் மெதுவாக.

கொஞ்சம்கூட இல்லை, எல்லாம் தன் வேலைதான் என்று சுண்டெலி அவசரமாக உறுதி கொடுத்தாள்.

நூலகர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றி கண்ணு. நீ சொல்லலைன்னா நான் போயே போயிருப்பேன்."

திட்டு வாங்கச் சுண்டெலி தயாராகத்தான் இருந்தாள். நன்றிக்குத் தயாராக இல்லை. அதனால் அழுதுவிட்டாள்.

அழுது முடித்ததும் வேலை தொடங்கியது. முதுகில் இருக்கும் எண், புத்தகத்தின் வீட்டு முகவரி மாதிரி என்று நூலகர் சொன்னார். 629 என்றால் வண்டி வாகனத் தெரு. அப்படியானால் இதை அறுநூற்று இருபத்தொன்பது பேர் படிக்கவில்லையா என்று சுண்டெலி கேட்டாள். பதினொரு பேர்தான் என்று தெரிந்ததும் அவளுக்கு வருத்தமாக இருந்தது.

காணாமல் போன புத்தகங்களின் பெயரை நூலகர் வாசித்தார். அதற்கு யாரைத் துணையாகப் போட்டோம் என்று சுண்டெலி யோசித்துச் சொன்னாள். வேன் அக்கா எட்டி எடுத்தார். தேனீ வளர்ப்பு, சர்க்கரை நோய்க்குப் பக்கத்தில் இருந்தது. நட்சத்திரங்கள், தூக்கமின்மைக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா வருவதற்குள் நாற்பத்தொரு புத்தகங்கள் வீடு திரும்பின.

மறுநாள் முதல் சுண்டெலி எதையும் அலமாரியில் வைப்பதில்லை. மேசையில் கிடக்கும் புத்தகங்களை எண் வரிசையில் அடுக்கி, சக்கர வண்டியில் ஏற்றி வைப்பாள். நூலகர் அங்குமிங்கும் அலையாமல் ஒரே சுற்றில் வேலையை முடித்துவிடுவார். இது சுண்டெலியின் யோசனை. இந்த முறை முதலில் கேட்டுவிட்டுத்தான் செய்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை வேன் அக்கா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். தேர்வில் தேறிவிட்டார். நூலகரிடம் ஒரு நன்றி, சுண்டெலியிடம் ஒரு நன்றி, ஞாபகமாகப் புத்தகத்திடமும் ஒரு நன்றி சொன்னார்.

அவர் போன சிறிது நேரத்தில் மேலதிகாரி வந்தார். பன்னிரண்டு அலமாரிகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கடிதம் ஏதோ எழுதியிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னீர்களே, என்ன விஷயம் என்று நூலகரிடம் கேட்டார்.

"அது வேற நினைப்புல எழுதினது சார்," என்றார் நூலகர். "இப்போ வேண்டியது இன்னும் ரெண்டு அலமாரிதான். எங்க போடணும்னு அளந்துகூட வச்சிருக்கேன்."